ஈறு நோய் பாக்டீரியாவோட நச்சு நம்ம வெள்ளை அணுவ என்ன பண்ணுது? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

ஈறுல ரத்தம் வருதுன்னா கிருமி உள்ள பூந்து பல்லச் சுத்தி இருக்கறத எல்லாம் அரிச்சுத் திங்குதுன்னுதான் நம்மள்ல பல பேர் நெனச்சுட்டு இருக்கோம். நானும் மைக்ரோபயாலஜி படிக்கிற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன். உண்மைல நடக்கறது வேற, அது தெரிஞ்சா எதுக்குப் பயப்படணும், எதுக்குக் காசு செலவு பண்ண வேண்டாம்னு தெளிவாயிடும். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள இங்க ஒண்ணா எழுதி வெக்கறேன்.

ஈறு நோய்னா சரியா என்ன?

ரெண்டு கட்டம் இருக்கு. முதல்ல ஜிஞ்சிவைடிஸ், ஈறு சிவந்து வீங்கும், பல் தேய்க்கும்போது ரத்தம் வரும், இந்தக் கட்டத்துல சுத்தம் பண்ணா முழுசா பழையபடி ஆயிடும். டென்மார்க்ல 1965-ல ஹெரால்ட் லோவேங்கற ஆராய்ச்சியாளர் நல்ல ஈறு இருக்கற 12 பேர பல் தேய்க்கறத நிறுத்தச் சொல்லிப் பாத்தாரு, 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிடுச்சு, மறுபடி தேய்க்க ஆரம்பிச்சதும் சரியாயிடுச்சு. இதே வீக்கம் வருஷக்கணக்கா நின்னு சிலருக்கு ரெண்டாவது கட்டத்துக்குப் போகும், அதுதான் பெரியோடான்டைடிஸ். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பாக்கெட் மாதிரி பள்ளம் விழும், பல்லப் பிடிச்சிருக்கற நாரும் எலும்பும் கரையும், போன எலும்பு தானா திரும்பி வராது. உலக சுகாதார அமைப்போட கணக்குப்படி மோசமான நிலைல இருக்கறவங்க மட்டுமே 100 கோடிக்கு மேல.

வெள்ளை அணு ஈறுல எதுக்கு இருக்கணும்? காயம் பட்டாதானே வரும்?

வாய் அப்படிப்பட்ட எடம் இல்லைங்க. தோல் எங்கயும் ஓட்டை இல்லாம மூடிட்டு இருக்கு, ஆனா பல் இருக்கற எடத்துல அந்த மூடியக் குத்திட்டு ஒரு கெட்டியான பொருள் வெளிய நிக்குது, அந்த ஓரத்துல எப்பவுமே ஒரு இடுக்கு இருக்கும், அதுல எப்பவுமே பாக்டீரியா இருக்கும். அதனால ஆரோக்கியமான வாய்ல கூட நியூட்ரோஃபில்னு சொல்ற வெள்ளை அணுக்கள் ரத்தத்துல இருந்து ஈறு வழியா அந்த இடுக்குக்கு வந்துட்டே இருக்கும். 1970-ல போட்ட ஒரு கணக்கு நிமிஷத்துக்கு சுமார் 30,000 அணு வாய்க்குள்ள வருதுன்னு சொல்லுது. நாம தூங்கும்போதும் இந்தக் காவல் நடக்குது. பாக்டீரியா தயாரிக்கற நச்சுல ரொம்ப முக்கியமானதெல்லாம் குறி வெக்கறது இந்தக் காவலைத்தான்.

எந்த பாக்டீரியா இதுக்குக் காரணம்?

ஒண்ணே ஒண்ணுன்னு கைகாட்ட முடியாது. 1998-ல சாக்ரன்ஸ்கி குழு ஈறு பாக்கெட்ல எதெது சேர்ந்தே இருக்குன்னு கலர் கலரா பிரிச்சாங்க, அதுல சிவப்புக் கூட்டம்னு மூணு பேர் மாட்டினாங்க: பார்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபார்சிதியா, ட்ரெபொனீமா டென்டிகோலா. ஆழமான பாக்கெட்ல இந்த மூணும் சேர்ந்தே கெடைக்கும். இது போக அக்ரிகேட்டிபேக்டர் ஆக்டினோமைசிட்டெம்காமிட்டன்ஸ்னு வாய்ல நுழையாத பேரோட ஒண்ணு இருக்கு, எல்லாரும் ஏ.ஏ.ன்னு சுருக்கித்தான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதறேன். சின்ன வயசுலயே, அதுவும் முதல் கடவாய்ப்பல்லயும் முன்பல்லயும் எலும்பு வேகமா போறவங்கள்ட்ட இது அதிகமா கெடைக்கும்.

ஏ.ஏ. என்ன நச்சு விடுது?

ரெண்டு. ஒண்ணு லுக்கோடாக்ஸின், பேர்லயே இருக்கு, வெள்ளை அணுவுக்கான விஷம். இன்னொண்ணு சிடிடின்னு சொல்ற சைட்டோலீத்தல் டிஸ்டென்டிங் டாக்ஸின்.

லுக்கோடாக்ஸின முதல்ல பாப்போம், ஏன்னா இது எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம். நம்ம வெள்ளை அணுவோட மேல்தோல்ல எல்எஃப்ஏ-1னு ஒரு புரதம் இருக்கு. ரத்தக் குழாய் சுவத்தப் பிடிச்சுட்டு திசுவுக்குள்ள எறங்கறதுக்கு, இன்னொரு செல்லத் தொட்டுப் பேசறதுக்கு, எல்லாத்துக்கும் இந்தப் புரதம் வேணும், ஒரு கைப்பிடி மாதிரி. வெள்ளை அணுத் தவிர வேற செல்ல இது கெடையாது. லுக்கோடாக்ஸின் வந்து உக்காரறது கரெக்டா இந்தக் கைப்பிடிலதான், அதனால பக்கத்துல இருக்கற ஈறு செல்ல விட்டுட்டு வெள்ளை அணுவ மட்டும் தேடிப் பிடிக்குது. அதுவும் மனுஷனோடதும் சில குரங்கு இனங்களோடதும்தான், எலியோட வெள்ளை அணு இதுக்குப் பெருசா அசையாது. அதனாலதான் எலிய வெச்சு இந்த நச்ச ஆராயறது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

உக்காந்த பிறகு என்ன நடக்குது?

அளவப் பொறுத்து, எந்த அணுங்கறதப் பொறுத்து மாறும்.

நச்சு நெறைய இருந்தா அணுவோட சவ்வுல ஓட்டை விழும், கால்சியம் உள்ள பாயும், அணு வெடிக்கும். நியூட்ரோஃபில் வெடிச்சா சும்மா செத்துப் போறதில்ல, அது உள்ள பாக்டீரியாவக் கரைக்கறதுக்குன்னு எலாஸ்டேஸ், எம்எம்பி-8 மாதிரி எல்லா என்சைமயும் மூட்டை மூட்டையா கட்டி வெச்சிருக்கும், அது அத்தனையும் வெளிய கொட்டும். எம்எம்பி-8 கொலாஜென வெட்டற கத்திரி. பல்லப் பிடிச்சிருக்கற நார் முழுக்க கொலாஜென். புரியுதில்ல?

நச்சு கொஞ்சமா இருந்தா அணு மெதுவா, ஒழுங்கா தன்னையே முடிச்சுக்கும், அப்போப்டோசிஸ்னு சொல்வாங்க.

மோனோசைட், மேக்ரோஃபேஜ்னு வேற ரெண்டு வகை வெள்ளை அணு இருக்கு, அதுங்க கதை வேற. இதுங்க சாகறதுக்கு முன்னாடி காஸ்பேஸ்-1ங்கற என்சைம் விழிச்சுக்கும், அது இன்டர்லூகின்-1 பீட்டாங்கற அலாரம் புரதத்த ஏகப்பட்ட அளவுக்கு வெளிய அனுப்பும். வீக்கத்தயும் தூண்டும், எலும்பக் கரைக்கற ஆஸ்டியோக்ளாஸ்ட் செல்லயும் தூண்டும் அந்தப் புரதம். ஆக காவலாளி செத்ததும் நஷ்டம், சாகும்போது அடிச்ச அலாரமும் நஷ்டம்.

எல்லா ஏ.ஏ.வும் ஒரே அளவு நச்சு விடுதா?

இல்ல, பெரிய வித்தியாசம் இருக்கு. ஜேபி2னு ஒரு வகை, அதோட நச்சு ஜீனுக்கு முன்னாடி இருக்கற கட்டுப்பாட்டுப் பகுதில 530 டிஎன்ஏ எழுத்து காணாம போயிருக்கு. ப்ரேக் கழண்ட வண்டி மாதிரி சாதா வகையவிட 10-ல இருந்து 20 மடங்கு லுக்கோடாக்ஸின் தயாரிக்குது. இது வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா வம்சாவளி மக்கள்ட்ட அதிகமா கெடைக்குது. மொராக்கோல பள்ளிக்கூடப் பிள்ளைகள ரெண்டு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒண்ணு 2008-ல வந்துச்சு, ஆரம்பத்துல ஈறு நல்லா இருந்த பிள்ளைங்கள்ல ஜேபி2 மட்டும் இருந்தவங்களுக்கு நோய் வர்ற வாய்ப்பு ஏ.ஏ. இல்லாதவங்களவிட சுமார் 18 மடங்கு, சாதா வகை இருந்தவங்களுக்கு சுமார் 3 மடங்கு. ஒரே பாக்டீரியா, நச்சோட அளவு மட்டும் வேற, விளைவு இவ்ளோ வேற. நச்சுதான் காரணமான்னு சந்தேகப்படறவங்களுக்கு இந்த ஒரு ஆய்வத்தான் நான் எப்பவும் காட்டுவேன்.

சிடிடி என்ன பண்ணும்?

இது மூணு துண்டு சேர்ந்த நச்சு. ரெண்டு துண்டு செல்லோட சவ்வுல இருக்கற கொலஸ்ட்ரால் நெறஞ்ச எடத்துல ஒட்டிக்கும், மூணாவது துண்டு உள்ள போய் டிஎன்ஏவ வெட்டும். டிஎன்ஏல காயம் பட்ட செல் அதச் சரி பண்ணாம பிரிய மாட்டேன்னு அப்படியே நின்னுடும், வீங்கும், கடைசில செத்துப் போகும். இதுல ரொம்ப அடிபடறது லிம்ஃபோசைட், அதாவது டி செல்லும் பி செல்லும், ஏன்னா ஒரு கிருமிய அடையாளம் கண்டதும் அதுங்க வேகமா பல மடங்கா பெருகினாதான் வேலை நடக்கும், இந்த நச்சு கைவெக்கறது அந்தப் பெருகற வேலைலயே. அதே துண்டு செல்லுக்குள்ள பிஐபி3ங்கற சிக்னல் கொழுப்பயும் சிதைக்கும், அந்த சிக்னல நம்பி வாழற லிம்ஃபோசைட் அதனாலயும் சாகும்.

ஜிஞ்சிவாலிஸும் இதே மாதிரி வெள்ளை அணுவக் கொல்லுதா?

இது கொல்றதவிட ஏமாத்தறதுல கெட்டிக்காரன். இந்த பாக்டீரியாவோட ஆயுதம் ஜிஞ்சிபெயின்னு சொல்ற புரதத்த வெட்டற என்சைம்கள், மூணு வகை. அதுல ரெண்டு ஆர்ஜினின் பக்கத்துல வெட்டும், ஒண்ணு லைசின் பக்கத்துல வெட்டும். கறாரா பாத்தா இது டாக்ஸின் இல்ல, என்சைம், ஆனா செய்யற வேலைக்கு நச்சுக் கணக்குலதான் சேக்கணும். ஆன்டிபாடிய வெட்டும், டி செல் மேல இருக்கற சிடி4, சிடி8 புரதத்த வெட்டும், மேக்ரோஃபேஜ் எதிரிய மோப்பம் பிடிக்கற சிடி14 புரதத்தயும் வெட்டும்.

காம்ப்ளிமென்ட்னு நம்ம ரத்தத்துல ஒரு புரதக் கூட்டம் இருக்கு, கிருமியக் குத்தி ஓட்டை போடறது, வெள்ளை அணுவக் கூப்பிடறது எல்லாம் அதோட வேலை. அதுல சி5ங்கற புரதம் உடஞ்சா சி5ஏ வரும், சி5ஏன்னா வெள்ளை அணுவுக்கு "ஓடி வா"ன்னு கூப்பிடற குரல். ஜிஞ்சிபெயின் இந்த சி5-வத் தானே வெட்டி சி5ஏவ உண்டாக்குது. ஒளிஞ்சிருக்க வேண்டிய திருடன் ஏன் போலீசக் கூப்பிடறான்னு தோணும். விஷயம் என்னன்னா, நியூட்ரோஃபில்லோட சி5ஏ ரிசப்டரும் (ரிசப்டர்னா செல் மேல இருந்து சிக்னல வாங்கற புரதம்) கிருமிய மோப்பம் பிடிக்கற டிஎல்ஆர்2ங்கற ரிசப்டரும் ஒரே நேரத்துல தூண்டப்பட்டா உள்ள இருக்கற மைடி88ங்கற தூது புரதம் அழிஞ்சு போகுது, கொல்ற உத்தரவு அது வழியாத்தான் போகணும். அதே நேரத்துல இன்னொரு பாதை தொறந்து, விழுங்கற வேலைய நிறுத்தி, வீக்கத்த மட்டும் தொடரச் சொல்லுது. அதனால அணு வருது, வீங்க வெக்குது, கொல்ல மட்டும் மாட்டேங்குது, இந்த நிழல்ல ஜிஞ்சிவாலிஸ் மட்டும் இல்ல பக்கத்துல இருக்கற மத்த பாக்டீரியாவும் சேர்ந்து பொழச்சுக்குது.

வீக்கம் தொடரணும்னு ஏன் அதுக்கு இவ்ளோ ஆசை?

சாப்பாடு. இந்த பாக்டீரியா சக்கரைய நம்பி வாழறதில்ல, புரதத் துண்டும் ரத்தத்துல இருக்கற இரும்பு சேர்ந்த ஹீமும்தான் அதுக்கு வேணும். ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சா ரெண்டும் கெடைக்கும். ஹீம் நெறைய கெடச்சா அது தன்னோட எண்டோடாக்ஸின், அதாவது வெளிச்சுவத்துல இருக்கற எல்பிஎஸ்ங்கற கொழுப்புச் சக்கரையோட வடிவத்தயே மாத்திக்குது, மாறின வடிவம் நம்ம செல்லோட டிஎல்ஆர்4ங்கற மோப்ப ரிசப்டரத் தூண்டாது, அடைச்சு வெச்சுக்கும். ஈறு செல்கள் வெள்ளை அணுவ வழிகாட்டி அழைக்கறதுக்கு விடற இன்டர்லூகின்-8 சிக்னலயும் இந்த பாக்டீரியா அந்தந்த எடத்துல அமுக்கிடும்.

2011-ல ஹாஜிஷெங்கலிஸ் குழு எலில ஒண்ணு காமிச்சாங்க. ரொம்பக் கொஞ்சம் ஜிஞ்சிவாலிஸ் வாய்ல சேர்ந்ததும் ஏற்கெனவே இருந்த சாதா பாக்டீரியாக் கூட்டமே பெருகி, கலவை மாறி, எலும்பு கரைய ஆரம்பிச்சுச்சு. வேற எந்தக் கிருமியும் இல்லாம வளத்த எலிக்கு ஜிஞ்சிவாலிஸ மட்டும் குடுத்தப்போ எலும்பு போகல. காம்ப்ளிமென்ட் ரிசப்டர் இல்லாத எலிக்கும் போகல. ஆக இந்த பாக்டீரியா தானே எலும்பத் திங்கறது இல்ல, ஊரையே கலவரமாக்கி விடுது.

அப்ப எலும்ப உண்மைல யார் கரைக்கறது?

நம்ம உடம்புதான். வீக்கம் நீண்டு போனா டி செல்லும் பி செல்லும் ரேங்க்எல்ங்கற புரதத்த விடும், அது ஆஸ்டியோக்ளாஸ்ட முதிர வைக்கும், ஆஸ்டியோக்ளாஸ்ட் எலும்பக் கரைக்கும். ஒரு வகைல பாத்தா உடம்பு தீ புடிச்ச வீட்ட விட்டு தள்ளி நிக்கற மாதிரி, பாக்டீரியா கிட்டருந்து எலும்ப பின்னாடி இழுத்துக்குது. பல் போனாலும் கிருமி தாடை எலும்புக்குள்ள போகாம பாத்துக்குது. எனக்கு இது கொடுமையாவும் படுது, நியாயமாவும் படுது.

வெள்ளை அணு சாகறதால நோயா, அதிகமா வேலை செய்யறதால நோயா?

இதுக்கு ஒரு அபூர்வமான பிறவி நோய்தான் நல்ல பதில் சொல்லுச்சு. எல்ஏடி-1னு பேரு, சிடி18ங்கற புரதம் சரியா உருவாகாது. மேல சொன்ன எல்எஃப்ஏ-1 கைப்பிடில பாதி இந்த சிடி18தான். கைப்பிடி இல்லாததால நியூட்ரோஃபில் ரத்தத்துல நெறைய சுத்தும், ஈறுக்குள்ள எறங்க முடியாது. இந்தப் பிள்ளைங்களுக்கு பால் பல்லுலயே எலும்பு போயிடும். காவல் இல்ல, பாக்டீரியா புகுந்துடுச்சு, அவ்ளோதான்னு ரொம்ப வருஷம் நெனச்சாங்க. 2014-ல பாத்தா அவங்க ஈறுல இன்டர்லூகின்-17ங்கற வீக்கத்தத் தூண்டற சிக்னல் புரதம் கட்டுக்கடங்காம இருந்துச்சு. நியூட்ரோஃபில் திசுவுக்குள்ள வந்து சேந்தாதான் "போதும், ஆள் வந்தாச்சு"ன்னு இன்டர்லூகின்-23, 17 பாதை அடங்கும், ஆள் வராததால அடங்கவே இல்ல. 2017-ல ஒரு நோயாளிக்கு அந்தப் பாதைய அடைக்கற உஸ்டெகினுமேப் மருந்து குடுத்தாங்க, ஈறு வீக்கம் தெளிவா குறஞ்சுச்சு.

அதனால என் பதில் ரெண்டும்தான். சரியான எடத்துக்கு சரியான அளவுல அணு வரணும், வேலைய முடிக்கணும், அடங்கணும். நச்சு இந்த மூணுல எதக் கெடுத்தாலும் கணக்கு தப்பிடும்.

ட்ரெபொனீமாவும் டானரெல்லாவும்?

சுருக்கமா சொல்றேன். ட்ரெபொனீமா டென்டிகோலாவோட வெளித்தோல் புரதம் ஒண்ணு நியூட்ரோஃபில் நகர்றதயே குழப்பி விடும், அணு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுடும். டானரெல்லாவும் ஜிஞ்சிபெயின் மாதிரியே சில என்சைம் வெச்சு காம்ப்ளிமென்ட வெட்டும். இது போக வாய் நாத்தத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு, ப்யூட்டிரேட் மாதிரி கழிவுகளும் பாக்கெட்ல தேங்கி செல்களப் பாதிக்கும்.

முடக்குவாதத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்றாங்களே?

சம்பந்தம் இருக்கறதுக்கு நல்ல காரணம் இருக்கு, முடிவா நிரூபிச்சாச்சுன்னு சொல்ல மாட்டேன். ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்ல உடம்பு தாக்கறது சிட்ருலினேஷன்னு ஒரு மாற்றம் நடந்த புரதங்கள. 2016-ல வந்த ஒரு ஆய்வு லுக்கோடாக்ஸின் நியூட்ரோஃபில்ல கால்சியத்தக் கொட்டி அதே மாதிரி மாற்றத்த ஏராளமா உண்டாக்குதுன்னு காட்டுச்சு. ஜிஞ்சிவாலிஸ்ட்ட அந்த மாற்றத்தச் செய்யற சொந்த என்சைமே இருக்கு. மூட்டு வலி இருக்கறவங்க ஈறயும் காட்டிக்கறது நல்லதுதான், அதுக்காக ஈற சுத்தம் பண்ணா மூட்டு சரியாயிடும்னு மாத்திரைய நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு.

இம்யூனிட்டி பூஸ்டர் சாப்பிட்டா சரியாகுமா?

ஆகாது. இவ்ளோ நேரம் படிச்சதுல பாத்தீங்கல்ல, பாக்கெட்ல வெள்ளை அணுவுக்குப் பஞ்சமே இல்ல, வந்த அணு வழி தவறி நிக்குது. இன்னும் கொஞ்சம் அணுவ அனுப்பறது எப்படி உதவும்? பல்லுல ஒட்டின ப்ளாக்கும் கெட்டியான காரையும் அங்கயே இருக்கற வரைக்கும் நச்சு வந்துட்டேதான் இருக்கும்.

ஆன்டிபயாடிக் மட்டும் போட்டா போதாதா?

போதாது. ப்ளாக்ங்கறது பிசின்ல பொதிஞ்ச பாக்டீரியாக் கூட்டம், மருந்து அதுக்குள்ள ஒழுங்கா எறங்காது. முதல்ல ஸ்கேலிங், வேர்ப்பகுதி வரைக்கும் சுத்தம் பண்றது, இதுதான் வைத்தியத்தோட முதுகெலும்பு, நச்சு தயாரிக்கற தொழிற்சாலைய இடிக்கறது. வேகமா எலும்பு போற சில இளவயசுக்காரங்களுக்கு அதோட சேத்து அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் டாக்டர் எழுதுவாங்க, ஏ.ஏ. மேல அந்தக் கூட்டணி நல்லா வேலை செய்யும். நீங்களா கடைல வாங்கிப் போடற விஷயம் இல்ல இது.

நச்சயோ வீக்கத்தயோ நேரா அடக்கற மருந்து இருக்கா?

ஒண்ணு பழசு. டாக்ஸிசைக்ளின் 20 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, கிருமியக் கொல்ற அளவவிடக் கம்மி, எம்எம்பி-8 மாதிரி கத்திரிகள அமுக்கறதுக்கு மட்டும், ஸ்கேலிங்கோட சேத்துக் குடுக்கறது. புதுசுல, காம்ப்ளிமென்ட் சி3ய அடைக்கற ஏஎம்ஒய்-101ங்கற மருந்த ஈறுலயே ஊசியா போட்டுப் பாத்த 2-ஆம் கட்ட ஆய்வு 2021-ல வந்துச்சு, வீக்கமும் ரத்தக்கசிவும் குறஞ்சுச்சு. ஜிஞ்சிவாலிஸுக்கும் அல்சைமருக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கறதால ஜிஞ்சிபெயின அடைக்கற ஒரு மாத்திரைய அல்சைமர் நோயாளிகள்ட்ட சோதிச்சாங்க, அது 2021-ல முக்கிய இலக்க எட்டல. நான் ரொம்ப ஆவலா எதிர்பாக்கறது காம்ப்ளிமென்ட் பக்கம்தான்.

சிகரெட், சக்கரை வியாதி?

ரெண்டுமே மோசமாக்கும். சிகரெட் புடிக்கறவங்களுக்கு இன்னொரு ஆபத்து, ரத்தம் கம்மியாதான் வரும், அதனால ஈறு நல்லா இருக்குன்னு நெனச்சுடுவாங்க, உள்ள எலும்பு போயிட்டு இருக்கும். சக்கரை வியாதி இருந்தா நோய் வேகமாகும், திருப்பியும் உண்டு, ஈறு நோய்க்கு வைத்தியம் பண்ணா மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சக்கரையக் காட்டற ரத்தப் பரிசோதனை அளவு, சராசரியா 0.3-ல இருந்து 0.4 சதவீதப் புள்ளி வரைக்கும் குறையுதுன்னு பல ஆய்வு சேத்துப் பாத்ததுல தெரிஞ்சிருக்கு.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

தேய்க்கும்போது ரத்தம் வர்றது ஒழுங்கா சுத்தம் பண்ணியும் ரெண்டு வாரத்துல நிக்கலன்னா, ஈறு கீழ எறங்கி பல் நீளமா தெரிஞ்சா, பல் ஆடினா, பல்லுக்கு நடுவுல புதுசா சந்து விழுந்தா, சீழ் வந்தா, வீட்ல யாருக்காவது சின்ன வயசுலயே பல் விழுந்திருந்தா போங்க. வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க, இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. அங்க மெல்லிய அளவுக் கம்பி வெச்சு ஒவ்வொரு பல்லச் சுத்தியும் பாக்கெட் ஆழம் பாப்பாங்க, 3 மில்லிமீட்டர் வரைக்கும் சரி, 4-க்கு மேல போனா நம்ம ப்ரஷ் அதோட அடியத் தொடாது. அந்த எண்ண எழுதித் தரச் சொல்லி வாங்கி வெச்சுக்கோங்க, அடுத்த தடவை போகும்போது கூடியிருக்கா கொறஞ்சிருக்கான்னு நீங்களே பாத்துக்கலாம்.